காணாத குமாஸ்தாவுக்கு என்ன சம்பளம்?

வீட்டிலேயே சாமை மாவு அரைத்துப் பொட்டலம் கட்டி விற்கும் ஒரு சகோதரியை நினைத்துக் கொள்ளுங்கள். வறுப்பதும் அவள்தான், அரைப்பதும் அவள்தான். சமையல் நடுவே கைபேசியில் "விலை என்ன?" என்று யாராவது விசாரித்தால் பதில் சொல்வதும் அவள்தான். "இதற்கென்று ஓர் ஆளைப் போட்டுவிட்டால் என்ன?" என்று அவளுக்குத் தோன்றுவது நியாயந்தானே? அந்த ஆள் நேரில் வரவேண்டியதில்லை. மதுரையிலோ மாயவரத்திலோ தம் வீட்டில் இருந்தபடியே விளம்பரம் எழுதுவார்; விசாரிப்பவர்களுக்குப் பதில் போடுவார்; விலாசங்களைக் குறித்து வைப்பார். 'வர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்று இதற்குப் பெயர். நாம் காணாத குமாஸ்தா என்று வைத்துக் கொள்வோமே!

சம்பளம் எவ்வளவு என்பதுதானே கேள்வி? அதற்கு முன் கொல்லிமலைக்கு ஒரு நடை போய் வருவோம்.

நாமக்கல் ஜில்லாவிலே, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டிய மலை அது. சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் அங்கே பரம்பரைப் பயிர்கள். மரவள்ளிக்கு ஆலைகளில் நல்ல கிராக்கி ஏற்படவே, சாமை விளைந்த நிலம் சுருங்கிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு, சாமையின் உமி நீக்குவது உலக்கை வேலை. அது யார் தலையில் விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! சென்னையில் 1988-ல் எம்.எஸ். சுவாமிநாதன் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் வேலை செய்ய வந்தது. உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன. சுய உதவிக் குழுப் பெண்கள் மாவும் ரவையும் செய்து, கொல்லிமலையின் பெயர் தாங்கிய பொட்டலங்களில் போட்டார்கள். 2009-ல் குழுக்களுக்கென்று ஒரு கூட்டமைப்பும் ஏற்பட்டது.

பொட்டலத்துக்கு லட்சணமான உருவம் கொடுப்பது, வாங்குவோரைத் தேடிப் பிடிப்பது ஆகிய பாரத்தில் அங்கே நிறுவனமும் தோள் கொடுத்தது. தனியாகத் தொழில் செய்யும் நம் சகோதரிக்கு அப்படித் தோள் கொடுப்பார் யார்? அந்தப் பாரத்தைத்தான் அவள் சம்பளமாக எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். சாமான், கூலி, பை, தபால் எல்லாம் போகப் பொட்டலத்துக்கு 30 ரூபாய் கையில் நிற்கிறது. குமாஸ்தாவுக்கு மாதம் 6,000 ரூபாய் பேசினால், 200 பொட்டலம் கூடுதலாக விற்றால்தான் சம்பளமே கட்டும். தனி ஆளாக இல்லாமல், ஜி.எஸ்.டி. பதிவுள்ள கம்பெனி மூலம் வைத்தாலோ 18 சதவீத வரி சேர்ந்து 7,080 ரூபாய். அதாவது 236 பொட்டலம். ஃபேஸ்புக்குக்கோ கூகிளுக்கோ கட்டும் விளம்பரப் பணம் தனி. அதற்கு ஒரு 3,000 ஒதுக்கினால் இன்னும் 100 பொட்டலம். ஆக 336! அத்தனையும் அரைத்துக் கட்ட அவளுக்கு எத்தனை கை இருக்கிறது?

ஆகையால், எடுத்த எடுப்பில் மாதச் சம்பளம் பேசாதீர்கள். வாரத்துக்கு நான்கு மணி, இன்ன இன்ன வேலை என்று கூலி பேசி, ஒரு மாதம் பார்க்கலாம். 'வாட்ஸ்அப் பிசினஸ்' 2018 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. கூகிளில் கடையைப் பதிவு செய்யவும் கட்டணம் கிடையாது. "கூகிளுக்குக் கட்டவேண்டும்" என்று யாராவது பணம் கேட்டால் வாசலைக் காட்டுங்கள். படம் பிடிப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. மாயவரத்தில் இருப்பவர் உங்கள் அடுப்படியை எப்படிப் படம் பிடிப்பார்?

வாசகம் எழுத இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2022 கடைசியில் 'சாட்ஜிபிடி' வந்ததிலிருந்து நொடியில் நாலு விளம்பரம் தயார். வெறும் வாசகத்துக்காகக் காசு கொடுப்பானேன்? ஆனால் இயந்திரமும் சரி, ஆளும் சரி, உற்சாக மிகுதியில் "சர்க்கரை வியாதியை அடியோடு குணப்படுத்தும் சாமை!" என்று எழுதிவிடக் கூடும். உணவுப் பண்டம் வியாதியைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய 2018-ம் வருஷத்து விதிகள் இடம் கொடுப்பதில்லை. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எழுதியவர் யாரானாலும் பொட்டலத்தின் மேல் இருப்பது உங்கள் பெயரல்லவா? வெளியே போகுமுன் ஒவ்வொரு வரியையும் நீங்களே படித்துவிடுங்கள்.

இன்னொன்று, சாவிக்கொத்து விஷயம். கடைப் பக்கத்தை உங்கள் பெயரில் திறந்துகொண்டு, குமாஸ்தாவுக்குத் தனி அனுமதி மட்டும் கொடுங்கள். ஃபேஸ்புக்கிலும் கூகிளிலும் அதற்கு வசதி உண்டு. கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, பிணக்கு வந்தபின் வாடிக்கைக்காரர்களையும் சேர்த்து இழந்து நிற்பது பரிதாபம். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணைச் சொந்தத் தம்பியே கேட்டாலும் சொல்லாதீர்கள்!

உங்களில் சிலர், "நாமே இந்தக் குமாஸ்தா வேலை பார்த்தால் என்ன?" என்று யோசிப்பீர்கள். பேஷாகப் பார்க்கலாம். கூலி பேசும்போது மின்சாரம், இணையக் கட்டணம், கணினித் தேய்மானம் மூன்றையும் மறக்காமல் சேர்த்துக் கொள்ளுங்கள். எத்தனை விளம்பரம், எத்தனை மணிக்குள் பதில், ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக் கொண்டு, பிறகு கணினியைத் திறவுங்கள்.