பல் பிடுங்கிய குழியில் தேன் விடலாமா?

ஞானப்பல்லை எடுத்துவிட்டு வந்தவருக்கு மூன்றாம் நாள் காதுவரை வலி இழுத்தால், "அந்தக் குழியில ரெண்டு சொட்டு மலைத்தேன் விடுப்பா" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார். சிறுமலையும் கொடைக்கானலும் பக்கத்திலேயே இருக்கும் திண்டுக்கல்லில் தேனுக்கா பஞ்சம்?

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து நிற்கும். அதற்கடியில்தான் புதுச் சதை வளரும். அந்த உறைவு கழன்றுபோனால் எலும்பு வெளியே தெரிந்து உயிர்போகிற வலி எடுக்கும். பல் மருத்துவர்கள் இதை 'டிரை சாக்கெட்' என்பார்கள். கீழ்த்தாடையில் இது அதிகம்; பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

நல்ல தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டாது. அதனால் கிருமியின் உடம்பில் உள்ள நீரைத் தேன் உறிஞ்சிவிடும். தேனீ சுரக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியும் அதில் உண்டு. புண்ணின் ஈரம் பட்டதும் அது வேலையைத் தொடங்கி, ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடும். தேனை நன்றாகக் காய்ச்சினால் இந்த நொதி வீணாகிவிடும். டிரை சாக்கெட்டில் தேன் வைத்துக் கட்டியதில் வலி குறைந்ததாக லக்னோ மருத்துவர்கள் 2014-ல் எழுதினார்கள். சிறிய ஆய்வுதான், அதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

தேனோடு சேர்த்துப் பேசப்படும் புரோபோலிஸ் என்ற தேனீப் பிசின் கதை வேறு. நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதே இல்லை எனலாம். சமவெளியில் பிசின் சேர்ப்பது கொட்டத் தெரியாத கொசுத்தேனீ. பழைய வீட்டுச் சுவர் விரிசலில் பென்சில் பருமனுக்கு ஒரு கறுப்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் அதன் வாசல். மரப்பிசினும் மெழுகும் குழைத்துக் கட்டியது. தொட்டால் விரலில் ஒட்டும், எறும்பு வந்தாலும் சிக்கிக்கொள்ளும். எந்த மரத்தின் பிசினோ அதன் குணம்தான் தேனீப் பிசினுக்கும். ஐரோப்பாவில் பாப்லர் மரப் பிசினை வைத்துக் கண்ட பலனை நம்மூர்ச் சுவர்ப் பிசினுக்கு அப்படியே பொருத்த முடியாது. சிலருக்கு ஒவ்வாமையும் வரும்.

மறுபடி தேனுக்கே வருவோம். மருத்துவத்துக்கென்று விற்கும் தேனைக் காமாக் கதிரில் காட்டி, அதிலுள்ள பாக்டீரியா வித்துகளைக் கொன்றிருப்பார்கள். சந்தைப் பாட்டிலில் அது நடந்திருக்காது. போதாக்குறைக்கு, பெயர்பெற்ற பல நிறுவனங்களின் தேனிலேயே சர்க்கரைப்பாகு கலந்திருப்பதை டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-ல் அம்பலப்படுத்தியது.

ஆகவே பல் எடுத்த அன்று குழிக்குள் தேன், பிசின், விரல் எதையும் விடாதீர்கள். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெல்லக் கொப்பளித்தால் போதும். மூன்றாம் நாள் வலி ஏறினால் தேன் பாட்டிலைத் தேடாமல் பல் மருத்துவரிடம் போங்கள். தேன் வைக்கலாமா என்பதை அவரிடமே கேளுங்கள்.