லினக்ஸ் கணினி முடங்கினால்: வீட்டுப் பயனரின் உரிமையும் ஆபத்தும் தீர்வும்

வீட்டு லினக்ஸ் கணினியில் கோளாறுகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு புதுப்பிப்புக்குப் பிறகே தலைகாட்டுகின்றன. முந்தின இரவு வரை ஒழுங்காக ஓடிய கணினி காலையில் கறுப்புத் திரையோடு நிற்கும். வைஃபை காணாமல் போகும். பிரிண்டர் அசையாது. லினக்ஸை ஒரே நிறுவனம் செய்து விற்பதில்லை. கர்னல் ஒரு குழுவிடமிருந்து வருகிறது, டெஸ்க்டாப் இன்னொரு குழுவிடமிருந்து, சில ட்ரைவர்கள் சிப் தயாரிப்பாளர்களிடமிருந்து. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, மின்ட் போன்ற வழங்கல்கள் இவற்றை ஒன்றாகக் கட்டித் தருகின்றன. இவற்றில் ஒன்று முன்னே போய் மற்றொன்று பின்தங்கும்போது கணினி தடுமாறுகிறது.

என்விடியா கிராபிக்ஸ் கார்டு இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். அதன் ட்ரைவர் கர்னலுக்கு வெளியிலிருந்து வருவதால், கர்னல் மாறும்போதெல்லாம் அதற்குப் பொருந்தும் வடிவில் மறுபடி தயாராக வேண்டும். அந்த வேலை பாதியில் நின்றாலோ, செக்யூர் பூட் இயங்கும் கணினியில் ட்ரைவருக்கு ஏற்கத்தக்க கையொப்பம் இல்லாவிட்டாலோ கர்னல் அதை ஏற்றுக்கொள்ளாது, திரை இருண்டுவிடும். கார்டு கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் புதியது வாங்குவதற்கு முன் இந்தச் சாத்தியத்தைச் சோதித்துவிட வேண்டும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தவறிக் காட்டுவதுண்டு. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதுதான் காரணம். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வித்தியாசம் 5 மணி 30 நிமிடம். இது பழுதே அல்ல. ஒரு அமைப்பை மாற்றினால் தீர்ந்துவிடும். விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்புகளை லினக்ஸில் திறக்க முடியாமல் போவதற்கு விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி காரணமாக இருக்கலாம். அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அந்த நிலையில் பகுதியைக் கட்டாயப்படுத்தித் திறந்து எழுதினால் கோப்புகள் அழியக்கூடும். விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை நிறுத்துவதே சரியான வழி.

இப்படி முடங்கும்போது யாரைக் கேட்பது என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வெளியாகிறது. மென்பொருளை இயக்கவும், உள்ளே திறந்து பார்க்கவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் அது உரிமை தருகிறது. சட்டம் அனுமதிக்கும் எல்லை வரை எந்த உத்தரவாதமும் கிடையாது என்பதையும் அதே உரிமம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இலவசமாகத் தரப்படும் சேவை 'சேவை' என்ற வரையறைக்குள் வராது. ஆகவே தாமே பதிவிறக்கி நிறுவிய லினக்ஸ் பழுதானதற்கு இழப்பீடு கேட்க இடமில்லை.

பணம் கைமாறியிருந்தால் நிலைமை வேறு. லினக்ஸ் நிறுவி விற்கப்பட்ட லேப்டாப்பும், கட்டணம் வாங்கிக்கொண்டு கடையில் செய்யப்பட்ட பழுதுபார்ப்பும் இந்தச் சட்டத்துக்குள் வரும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் முறையிடலாம். அதில் தீராவிட்டால், குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலுள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பில் இல்லாமல் இவை எதுவும் எளிதாக நடக்காது. கணினியைக் கடையில் விடும்போது 'டிஸ்கை ஃபார்மேட் செய்யக் கூடாது' என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கிக்கொள்வதும் மிக அவசியம். லினக்ஸ் பழக்கமில்லாத டெக்னீஷியனுக்கு எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போடுவதே சுலபமான வழியாகத் தோன்றலாம். அழிந்துபோன படங்களை எந்த ஆணையமும் திருப்பித் தர முடியாது.

உரிமையோடு சேர்ந்த இன்னொன்று ஆதரவுக் காலம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அதற்கு 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இடைக்காலப் பதிப்புகளுக்கு 9 மாதம்தான். புதியது என்று இடைக்காலப் பதிப்பைப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர், ஓராண்டுக்குள் திருத்தமே வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருப்பார். வீட்டுக்கு நீண்டகாலப் பதிப்பே ஏற்றது.

உண்மையான ஆபத்து கோளாறைவிட அவசரச் சிகிச்சையில்தான் அதிகம் இருக்கிறது. எதையாவது நிறுவப் போகும்போது, மென்பொருள் பொதிகளின் பூட்டைப் பெற முடியவில்லை என்று கணினி மறுக்கும். பூட்டுக் கோப்பை அழித்துவிடும்படி சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. பின்னணியில் பாதுகாப்புப் புதுப்பிப்பு தானாக நடந்துகொண்டிருப்பதே பெரும்பாலும் அந்த மறுப்புக்குக் காரணம். சற்று நேரம் காத்திருந்தால் போதும். பூட்டை அழித்தால் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பொதிப் பட்டியலில் எழுதி அதைச் சிதைக்கக்கூடும். சிறு தாமதமாக இருந்தது பெரிய பழுதாகிவிடும். எல்லாக் கோப்புகளுக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடுவதும், கணினியோடு வந்த பைத்தானை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுவதும் இதே வகை. பைத்தானை நம்பி டெஸ்க்டாப்பின் பல பகுதிகள் இயங்குகின்றன.

2021 நவம்பரில் இத்தகைய அவசரச் சேதம் ஒன்று உலகறிய நடந்தது. கனடாவின் தொழில்நுட்பக் காணொளித் தொகுப்பாளர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற வழங்கலில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். பொதிகள் ஒன்றோடொன்று பொருந்தாத பிழையால், டெஸ்க்டாப்பையே நீக்கினால்தான் நிறுவ முடியும் என்ற முடிவுக்குக் கணினி வந்தது. நீக்கப்போகும் பொதிகளின் நீண்ட பட்டியலைக் காட்டி, தொடர வேண்டுமானால் 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருளுள்ள ஆங்கில வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவரும் செய்தார், டெஸ்க்டாப் போய்விட்டது. தவறை அவர்மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. விவரம் தெரிந்தவரே தாண்டிப் போகும்படி இருந்த எச்சரிக்கை நல்ல எச்சரிக்கை ஆகாது. பொதிகளை நிறுவும் ஏபிடி கருவியின் உருவாக்குநர்களும் இதற்குப் பிறகு அத்தியாவசியப் பொதிகளை நீக்குவதைக் கடினமாக்கினர். ஒன்றை நிறுவக் கேட்டபோது கணினி எவற்றை நீக்கப்போகிறது என்ற பட்டியலைப் படிக்காமல் ஒப்புதல் தரக் கூடாது.

நெட்டிலிருந்து நகலெடுத்த கட்டளையை, நிர்வாகி அதிகாரம் தரும் 'சூடோ'வோடு டெர்மினலில் ஒட்டுவது, முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல. கண்ணுக்குத் தெரியும் வரி ஒன்றும் நகலாகும் வரி வேறொன்றுமாக இருக்கும்படி ஒரு பக்கத்தை அமைக்க முடியும். அதனால் முதலில் ஒரு சாதாரண உரைக் கோப்பில் ஒட்டிப் படித்துவிட வேண்டும். அதிகாரபூர்வத் தளம் என்பதுகூட முழுக் காப்பு அல்ல. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 பதிப்பின் பதிவிறக்க இணைப்பைக் கள்ளக் கதவு வைத்த நகலுக்குத் திருப்பிவிட்டனர். பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையையும் அதன் டிஜிட்டல் கையொப்பத்தையும் ஒப்பிடும் வழக்கம் இத்தகைய மோசடிக்காகவே இருக்கிறது. தேடலில் கிடைத்த 'உதவி எண்ணை' அழைத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கொடுத்துப் பணம் இழந்தவர்கள் உடனே இந்தியாவின் சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். தாமதமானால் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.

தீர்வு, கையை எடுத்துவிட்டுப் பார்ப்பதில் தொடங்குகிறது. திரையில் வந்த செய்தியைப் போனில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். கறுப்புத் திரையாக இருந்தால், கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையின் மூலம் கிரப் பட்டியலுக்குப் போய், அதில் உள்ள முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். உபுண்டு பழைய கர்னல் ஒன்றையாவது விட்டுவைப்பது இந்த நாளுக்காகத்தான். பழையதில் கணினி எழுந்தால் குற்றவாளி யார் என்பது பாதி தெரிந்துவிட்டது. பிறகு ஏபிடியின் வரலாற்றுப் பதிவில் கடைசியாக என்னென்ன மாறின என்றும், ஜர்னல் பதிவேட்டில் முந்தைய தொடக்கத்தின்போது எழுந்த பிழைகள் எவை என்றும் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, செய்ததைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தை ஒன்றாகச் செய்தால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

எதிலும் எழாவிட்டால் லைவ் யூஎஸ்பி உண்டு. அதிலிருந்து கணினியைத் தொடங்கி, சொந்தக் கோப்புகளை வெளி டிஸ்குக்கு நகலெடுத்த பிறகே மற்ற முயற்சிகள். டைம்ஷிஃப்ட் போன்ற மென்பொருள் கணினி அமைப்பை முந்தைய நிலைக்குத் திருப்பும். ஆனால் அதன் வழக்கமான அமைப்பில் படங்களும் கடிதங்களும் சேராது. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும்.

பிழையைத் தெரிவிப்பதும் பயனரின் உரிமையே. சிக்கல்களை மறைக்க மாட்டோம் என்று டெபியன் தன் 1997ஆம் ஆண்டு சமூக ஒப்பந்தத்திலேயே உறுதி தந்திருக்கிறது. அதன் பிழைப் பட்டியலை யாரும் படிக்கலாம். வழங்கலின் பெயர், பதிப்பு, கணினியின் மாதிரி, செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது ஆகியவற்றோடு பிழைச் செய்தியை அப்படியே சேர்க்க வேண்டும். பதிவேட்டை ஒட்டும் முன் அதில் பயனர் பெயரும் வைஃபை பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்து நீக்கிவிட வேண்டும். தமிழில் படிக்க விரும்புவோருக்கு 2012 முதல் கணியம் இதழ் லினக்ஸ் பற்றி எழுதிவருகிறது. திருத்தம் வரும் வரை இயங்கும் பழைய கர்னலிலேயே கணினியைத் தொடங்கிப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தக் கர்னலில் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோவதால், இதைச் சில வாரங்களுக்கு மேல் நீட்டக் கூடாது.