அந்நிய நகரில் கலைஞர்

கலைஞர் ஒருவருக்கு வெளிநாட்டு நகரமொன்றில் தங்குமிடமும் பணிக்கூடமும் சிறு கொடுப்பனவும் அளித்து, சில மாதங்கள் படைப்பில் மாத்திரம் ஈடுபடச் செய்வதே கலைஞர் உறைவிடத் திட்டமாகும். பிரான்ஸ் 1666 இல் உரோமில் நிறுவிய கலைக்கழகம் இதன் முன்னோடிகளுள் ஒன்று.

அந்நிய ஊரில் காலூன்றுவது இலேசன்று. மொழியும் உணவும் பழகுவதற்கும், தொழுகைக்கோ வழிபாட்டுக்கோ இடம் தேடுவதற்குமே முதல் வாரங்கள் கழிந்துவிடும். அதற்காக மனந்தளர வேண்டியதில்லை. எதைத் தேடிச் செல்கிறோம் என்ற தெளிவே முக்கியம்.

இதற்கு எமது மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு. 1892 இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் சென்றார். 1939 இல் இமயமலையின் மாயாவதி ஆச்சிரமத்துக்குச் சென்று 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியரானார். ஊர்கள் மாறினும் யாழாராய்ச்சியை அவர் கைவிடவில்லை. பல்லாண்டு உழைப்பின் பயனான 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறுமாதமே அடிகள் மறைந்தார். மட்டக்களப்பு வாவியின் பாடுமீன் இசையையும் அவர் மறந்தாரில்லை. 'நீரர மகளிர்' என்னும் அவரது பாடலே அதற்குச் சான்று.

எனினும், வெளிநாடு செல்லும் வாய்ப்பு ஒரு சிலருக்கே கிட்டும். ஆகவே, பிறநாட்டுக் கலைஞரை வாவிக்கரைக்கு அழைத்து, தமிழ், முஸ்லிம் இளங்கலைஞருடன் சேர்ந்து பணியாற்றச் செய்யும் உறைவிடம் இங்கும் வேண்டும். கல்லடியில் அடிகளின் பெயரால் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் இதற்குப் பொருத்தமான களமாகும். இதனை உரியோர் சிந்திப்பார்களாக.