அழித்த வரி எங்கே போகிறது?

கட்டுகஸ்தோட்டை மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். கணினியில் எழுத உதவும் விம் எடிட்டரில் 'டி'யை இரண்டு தடவை தட்டினால் ஒரு வரியே காணாமல் போகிறதாம், கை நடுங்குகிறதாம்.

பயப்பட ஒன்றுமில்லை, தங்கச்சி. அங்கே அழிப்பதென்பது எடுத்து வைப்பதுதான். அழித்த கையோடு 'பி'யைத் தட்டுங்கள், வரி கர்சருக்குக் கீழே வந்து உட்காரும். 'எக்ஸ்' ஓர் எழுத்தை எடுக்கும். 'எக்ஸ்', 'பி' என்று அடுத்தடுத்துத் தட்டினால் இடம் மாறிய இரண்டு எழுத்துகள் சரியாகிவிடும். முழு வரிகளாக அழித்தவற்றில் கடைசி ஒன்பதை விம் எண் போட்டு வைத்திருக்கும். 'யு' செய்ததைத் திருப்பும்.

எனக்குப் பிடித்த விசித்திரம் இந்த 'யு'வில்தான். பில் ஜோய் 1976இல் எழுதத் தொடங்கிய விஐ எடிட்டரில் ஒரே படிதான் பின்னால் போக முடிந்தது. இன்னொரு தடவை தட்டினால் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். அதன் வழியில் பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம்மிலோ, 2006இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து பழையதெல்லாம் கிளை கிளையாக நிற்கிறது. பேராதனைச் சந்தியை நினைத்துப் பாருங்கள். கண்டிப் பாதையில் போய்த் திரும்பி, சந்தியில் இறங்கி நானுஓயா ரயிலில் ஏறுகிறோம். அதற்காகக் கண்டித் தண்டவாளத்தை யாரும் பெயர்த்தெடுப்பதில்லை. நாம் பழகிய எடிட்டர்களில் பெரும்பாலானவை பெயர்த்துவிடுகின்றன: பத்துப் படி பின்னால் போய்ப் புதிதாக ஓர் எழுத்தைத் தட்டினால் போதும், விட்டு வந்த பத்துக்கும் வழி அடைபட்டுவிடும். விம்மில் 'ஜி'யையும் கழித்தல் குறியையும் தட்டத் தட்ட, எந்தக் கிளையானாலும் கால வரிசையில் பின்னோக்கிப் போகலாம். 'ஏர்லியர்' என்ற கட்டளையிடம் பத்து நிமிடத்துக்கு முன் இருந்ததைக் கொடு என்றுகூடக் கேட்கலாம்.

இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்? கணினி வகுப்பென்றால் படத்தைக் காட்டி மவுஸை அழுத்தச் சொல்வதோடு பாடம் முடிகிறது. நாலு வருடம் போன கணினியை மூலையில் தள்ளுகிறோம், விம் அதில் சுகமாக ஓடும். விம்டியூட்டர் என்ற அரை மணிநேரப் பயிற்சி அதனுடனேயே வருகிறது, அதன் இரண்டாம் பாடமே அழிப்பதைப் பற்றியது. 2023இல் காலமான மூலெனார் விலை கேட்டவரல்ல. விரும்பினால் உகண்டாப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்றார். சும்மா கிடைப்பதற்கு நம்மிடம் மதிப்பில்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ரெங்கநாதன் விசைப்பலகை இயங்கும்போது 'டி' விசை தமிழ் எழுத்தைத்தான் தரும், கட்டளை நடக்காது. முதலில் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் இன்னொன்று: விம்மை மூடினால் முன்பு சொன்ன 'யு'வின் கிளைகளும் போய்விடும். மறுநாளும் வேண்டுமென்றால் 'அன்டூஃபைல்' என்ற அமைப்பை இன்றே போட்டு வையுங்கள்.