பூட்டின டிஸ்கில இருந்து கொம்பியூட்டர் எப்பிடி எழும்புது?

டிஸ்க் என்கிரிப்ஷன் எபிசோட்டில ஒரு கேள்வியை நியூஸ்லெட்டருக்கு எண்டே எடுத்து வச்சிருந்தன். முழு டிஸ்க்கும் பூட்டிக் கிடந்தால், பாஸ்வேர்ட் கேக்கிற ப்ரோகிராம் எங்க இருந்து வருது?

முதல்ல, ஏன் இந்தக் கரைச்சல்? என்ர லப்டொப்பில அம்மா அப்பாவின்ர பிறப்புச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், விசாப் பேப்பர் எல்லாம் ஸ்கேன் பண்ணிக் கிடக்கு. எங்கட வீடுகளில மூத்த பிள்ளைதானே குடும்பத்தின்ர ஒஃபிஸ்! ரெயினில லப்டொப் களவு போனால் லொகின் பாஸ்வேர்ட் ஒண்டையும் காப்பாற்றாது. டிஸ்க்கைக் கழற்றி வேற மெஷினில கொழுவினால் எல்லா ஃபைலும் திறக்கும்.

லினக்ஸில இதுக்கு வழமையாப் பாவிக்கிறது லக்ஸ். டெபியன் இன்ஸ்டோல் பண்ணேக்க என்கிரிப்ஷனைத் தெரிவு செய்தால், பூட் எண்ட ஒரு சின்னப் பகுதியை அது பூட்டாமல் விடும். கேர்னலும் இனிட்ராம்எஃப்எஸ் எண்ட குட்டி சிஸ்டமும் அதுக்குள்ள இருக்கும். மெஷினைப் போட்டதும் கிரப் இந்த இரண்டையும் மெமரியில் ஏற்றும். பாஸ்வேர்ட் கேக்கிறது அந்தக் குட்டி சிஸ்டம்தான். பெரிய டிஸ்க் திறந்த பிறகு அது விலகிக்கொள்ளும்.

ஆனால் நீங்கள் அடிக்கிற பாஸ்வேர்ட் நேரடியாக டிஸ்க்கைத் திறப்பதில்லை. உண்மையான சாவி டிஸ்க்கின் தொடக்கத்தில், ஹெடர் என்ற பகுதியில், தானும் பூட்டப்பட்ட நிலையில் இருக்கிறது. பாஸ்வேர்ட் அந்தச் சாவியை மட்டும்தான் திறக்கும். ஒரே சாவியைப் பல ஸ்லொட்டுகளில், வேறு வேறு பாஸ்வேர்டுகளோடு வைக்கலாம்: லக்ஸ்1இல் 8, லக்ஸ்2இல் 32. அதால தங்கச்சிக்கு ஒரு தனிப் பாஸ்வேர்ட் குடுக்கலாம். பாஸ்வேர்டை மாத்தினாலும் முழு டிஸ்க்கையும் திரும்ப என்கிரிப்ட் பண்ணத் தேவையில்லை.

சில பேர் பூட் பகுதியையும் பூட்டுவினம். அப்ப பாஸ்வேர்ட் கேக்கிறது கிரப். அங்கதான் ஜெர்மனி, சுவிஸ்காரருக்குப் பகிடி. கிரப்புக்கு வழமையா அமெரிக்கன் கீபோர்ட் மட்டும்தான் தெரியும். ஜெர்மன் கீபோர்டில வையும் இசட்டும் இடம் மாறி இருக்கு. அதால நீங்கள் ஆங்கில எழுத்தில 'யாழ்ப்பாணம்' எண்டு அடிச்சால், தொடக்கத்து வை அதுக்கு இசட்டாத் தெரியும். 'வாழைப்பழம்' அடிச்சால் இரண்டு ழகரமும் போச்சு! பாஸ்வேர்ட் சரி, விரலும் சரி, டிஸ்க் திறக்காது. சிஸ்டம் ஓடேக்க, எழுத்து மாறின அந்த வடிவத்தையே இன்னொரு ஸ்லொட்டில சேர்த்துவிட்டால் பிரச்சினை தீரும். லக்ஸ்2 எண்டால் அந்த ஸ்லொட்டுக்கு பிபிகேடிஎஃப்2 முறையைத் தெரிவு செய்யுங்கோ. இப்ப வழமையா வாற ஆர்கன்2ஐ கனகாலமா கிரப்புக்குத் திறக்கத் தெரியாமல் இருந்தது. (ஒற்றைச் சொல்லைப் பாஸ்வேர்டா வைக்காதேங்கோ, இது உதாரணம்.)

என்ன செய்தாலும் கிரப் எண்ட துண்டு திறந்துதான் கிடக்கும். ஆரும் அதை மாத்தி வச்சு உங்கட பாஸ்வேர்டைப் பிடிக்கலாம். செக்யூர் பூட் அதைக் கொஞ்சம் கஷ்டமாக்கும். ரெயினில களவு போற லப்டொப்புக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, மூடியை மட்டும் மூடிக்கொண்டு திரியிறது. ஸ்லீப்பில் இருக்கும்போது சாவி மெமரியிலேயே இருக்கும். ஓஃப் பண்ணிப்போட்டுக் கொண்டுபோங்கோ.

கடைசியா ஹெடர். அது பழுதானால் சரியான பாஸ்வேர்ட் தெரிஞ்சும் பிரயோசனமில்லை, எந்தக் கடைக்காரனாலயும் மீட்க ஏலாது. கிரிப்ட்செட்டப்பின் லக்ஸ்ஹெடர்பேக்கப் கட்டளையால் ஒரு கொப்பி எடுத்து, வேற யூஎஸ்பியில வையுங்கோ. பிறகு பாஸ்வேர்டை மாத்தினால் அந்தக் கொப்பியை அழிச்சுப்போட்டுப் புதுசா எடுங்கோ. பழைய கொப்பி இருக்கிற வரைக்கும் பழைய பாஸ்வேர்டும் அந்த டிஸ்க்கைத் திறக்கும்.