நான்கு வண்ணங்களில் ஒரு குடும்பம்

அமெரிக்காவில் டிஎன்ஏ சோதனை செய்துகொண்ட ஒருவர் ஆன்செஸ்ட்ரி என்ற சோதனைத் தளத்தில் தம் கணக்கைத் திறந்தால் ஆயிரக்கணக்கான பெயர்கள் வந்து நிற்கும். பெரும்பாலானோர் ஏதோ ஒரு வழியில் உறவு. எந்த வழி என்பதுதான் தெரியாது. தத்துப் போய் வளர்ந்து, பெற்றவர்களைத் தேடுகிறவருக்கு அந்தப் பட்டியல் மலைப்பையே தரும். அதைப் பிரித்து அடுக்க 2018-இல் டானா லீட்ஸ் என்ற அமெரிக்கக் குடும்ப வரலாற்று ஆய்வாளர் ஓர் எளிய வழியைச் சொன்னார். ஓர் எக்செல் தாள் போதும்.

முதலில், 400 முதல் 90 சென்டிமார்கன் வரை பொருந்தும் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். இருவர் பகிரும் டிஎன்ஏவை அளக்கும் அலகுதான் சென்டிமார்கன். எண் கூடினால் உறவு நெருக்கம். 400-ஐத் தாண்டியவர்களை ஏன் விடுகிறோம்? சித்தப்பா மகனுக்கும் நமக்கும் தாத்தா, பாட்டி இருவருமே பொது. அவரை வைத்துத் தாத்தா வழியையும் பாட்டி வழியையும் பிரிக்க முடியாது. தாத்தாவின் தம்பி பேரனுக்கோ நம் பாட்டி பக்கத்தோடு சம்பந்தமே இல்லை. தாத்தாவைப் பெற்றவர்கள் மட்டுமே பொது. இந்த முறைக்கு வேண்டியவர் அவர்தான். அவர் நம்மோடு சராசரியாக 230 சென்டிமார்கன் அளவுக்குப் பகிர்வார்.

அடுத்து, முதல் பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தை நீலமாக்குங்கள். உங்களோடும் அவரோடும் சேர்ந்து பொருந்துகிறவர்கள் யார் என்று தளமே காட்டும். அவர்களில் உங்கள் பட்டியலில் இருப்பவர்களுக்கும் அதே நீலம். பிறகு வண்ணம் படாத முதல் பெயருக்கு வாருங்கள். அவருக்கு அடுத்த நிரலில் பச்சை. இப்படியே கடைசிப் பெயர் வரை.

எல்லாம் சரியாக அமைந்தால் நான்கு வண்ணங்கள் வரும்: நான்கு தாத்தா பாட்டிகளின் வழிகள். சித்தப்பா மகனின் பிள்ளை சில நேரம் 400-க்குள் நுழைந்துவிடுவார். அவருக்கு இரண்டு வண்ணம் விழும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். அந்த இரண்டு வண்ணமும் பெற்றோரில் ஒருவர் பக்கத்தவை என்று அவரால்தான் தெரிகிறது.

இதையே இயந்திரமும் செய்யும். நெதர்லாந்தைச் சேர்ந்த எவர்ட்-யான் ப்ளோம் உருவாக்கிய ஆட்டோகிளஸ்டர், பெயர்களைக் கட்டம் கட்டி வண்ணக் குழுக்களாகத் தருகிறது. இரண்டு குழுக்களுக்குப் பாலமாக இருப்பவர்களைச் சாம்பல் நிறக் கட்டங்கள் காட்டும். 2019 முதல் மைஹெரிட்டேஜ் தளத்திலும் இது உண்டு. ஆனாலும் ஒருமுறை கையால் செய்துவிட்டு இதற்குப் போவதே நல்லது. அப்போதுதான் சாம்பல் கட்டத்தின் பொருள் விளங்கும்.

உண்மையான தேடல் இதன் பிறகுதான். நீலக் குழுவினர் பதிந்து வைத்திருக்கும் குடும்ப மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாருக்கும் பொதுவான ஒரு தம்பதியைத் தேட வேண்டும். பச்சைக்கும் அப்படியே. பிறகு நீலத் தம்பதியின் வாரிசு ஒருவர் பச்சைத் தம்பதியின் வாரிசு ஒருவரை மணந்த பதிவு கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால், தேடுகிறவரின் தாத்தாவும் பாட்டியும் அவர்களாக இருக்கக்கூடும். பெற்றவர்களில் ஒருவரை அவர்களுடைய பிள்ளைகளுக்குள் தேடலாம்.

சொந்தத்திலேயே மணம் முடிக்கும் சமூகங்களில் இந்த வண்ணங்கள் கலந்துவிடும். அஷ்கெனாசி யூதர்களுக்கு இந்தச் சிக்கல் உண்டு; நமக்கும்தான். தாய்மாமன் மகளை மணந்த ஒருவரின் பிள்ளைக்கு, அப்பாவின் அம்மாவும் அம்மாவின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். எனவே அந்த இருவர் வழியும் ஒன்றாகி, நான்கு குழுக்கள் மூன்றாகும். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்திருந்தால் எல்லாம் ஒரே குழுவாகவே தெரியலாம். அங்கே கீழ் எல்லையை 90-இலிருந்து உயர்த்திப் பார்க்கலாம்; மொத்த அளவைவிட, துண்டுபடாமல் நீளமாகப் பொருந்தும் பகுதிகளுக்கு மதிப்புக் கொடுக்கலாம்.

சொந்தத்தில் மணமே நடக்காத குடும்பத்திலும் மூன்று குழுக்கள் மட்டும் வருவதுண்டு. ஒரு பாட்டி அண்மையில் வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவராகவும், அவர் பிறந்த ஊரில் சோதனை செய்தவர்கள் அரிதாகவும் இருந்தால் அவர் வழி வெறுமையாகவே நிற்கும். அந்தப் பக்கத்தில் மூத்தவர் யாரேனும் இருந்தால், அவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் சோதனைக்கு உமிழ்நீர் அனுப்பச் சொல்லுங்கள். அவருக்கு வரும் பட்டியலிலிருந்து நான்காவது நிரலைத் தொடங்கலாம்.