செய்தி வாசித்த குரல்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தம்மவர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க நடிகர் பூர்ணம் விஸ்வநாதன். திரையில் அவரைத் தந்தையாகவும் பெரியவராகவும் கண்டு மகிழ்ந்தோர் பலர். அவர் வாழ்வின் முற்பகுதி தில்லியில் கழிந்ததை நம் இளந்தலைமுறையினருள் அறிந்தோர் சிலரே.

1921ஆம் ஆண்டில் பிறந்த அன்னார், தில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிக்கும் பணியை ஏற்றார். 1947 ஆகஸ்டு 15 அன்று, நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த பெருமை அவருடையது. முகம் காட்டாமல், குரல் ஒன்றாலேயே ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள தமிழ் மக்களை எட்ட வேண்டிய பணி அது. ஒவ்வோர் எழுத்தும் தெளிவுற ஒலிக்க வேண்டும். உணர்ச்சி அளவு மீறலாகாது.

பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை என்று வாழ்ந்த தில்லித் தமிழரின் மேடையிலும் அவர் நடித்தார். ஊதியம் கருதாத மேடை அது; ஊரைப் பிரிந்தவர்க்கு மொழியே ஊராக விளங்கிய இடம்.

பின்னர்ச் சென்னை சென்ற அவர், எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்களை அரங்கேற்றிப் புகழ் பெற்றார். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில், எதிர்காலத்திலிருந்து வந்தவனைத் தாம் ஒருவரே காண, வீட்டாரால் பித்தர் எனக் கருதப்படும் ஓய்வு பெற்ற முதியவர் வேடம் அவருடையது. ஆரவாரமின்றிப் பேசியே அவையைச் சிரிக்க வைத்தார். வானொலியில் பெற்ற பயிற்சியே அவரது நடிப்புக்கு அடித்தளம் என்பது நம் கருத்து.

பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) படத்தில், வேலை தேடித் தில்லி சென்ற இளைஞனின் தந்தையாக நடித்தார். தில்லியிலேயே பணியாற்றிய ஒருவருக்கு அவ்வேடம் வாய்த்தது எத்துணைப் பொருத்தம்! 'மகாநதி' (1994) படத்தில் சிறைவாசியாக வந்து நெஞ்சை உருக்கினார். 2008 அக்டோபர் முதல் நாள் மறைந்தார்.

இன்று நம் இல்லங்களில் தமிழைப் பேசியும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் பெருகி வருகின்றனர். அவர்களைக் கடிந்து பயனில்லை. சங்கத்து ஆண்டு விழாவில் ஒரு சிறு நாடகம் கொடுங்கள். வசனத்தை இந்தி எழுத்தில் எழுதித் தராமல் தமிழ் எழுத்திலேயே தாருங்கள். வாய்விட்டுப் படிக்கப் படிக்க எழுத்தும் வசப்படும், உச்சரிப்பும் திருந்தும். பூர்ணம் விஸ்வநாதனுக்கு நாம் செய்யத்தக்க நன்றி இதுவே.